மூன்றாம் சுற்றில் கொதிக்கும் கார்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் அதைத் தேடிக்கொண்டு வாசிக்க வேண்டியிருக்காது.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் சாலையில் ஒரு வாடகைக் கார் கொதித்து நின்றது. பின் சீட்டில் என் மனைவி படுத்திருந்தாள். டிரைவர் பானெட்டைத் தூக்கிவிட்டு, "ஆறட்டும் சார். இப்ப தொறந்தா மூஞ்சி வெந்துடும்" என்றார். ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்று சாயங்காலம் அவள் இறந்துபோனாள். கார் நிற்காமல் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவர் ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை.

அந்தக் கதையை நான் எழுதப்போவதில்லை. நடந்தது மேலே இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு எதை எழுத உட்கார்ந்தாலும் ஏதோ ஒரு கார் கொதித்துவிடுகிறது. கல்யாணக் கதை எழுதினால் மாப்பிள்ளை வருகிற கார் கொதிக்கிறது. சரி, கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். இந்தக் கார் யாரையும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய காராக இருக்கக் கூடாது. வெறுமனே வட்டமடிக்கிற காராக இருக்க வேண்டும். கொதித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது.

(ஒன்றும் ஆகாத கதையை யார் படிப்பார்கள் என்கிறீர்கள். வருகிறேன்.)

2

தொடக்கங்கள்.

'ஏரியின் மேல் பூநாரைகள் வந்திறங்கிய அந்த இளங்காலையில்' – வேண்டாம். பழவேற்காட்டைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் பூநாரையோடுதான் வருகிறார்கள். ஊர்க்காரர்கள் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

'டச்சுக்காரர்களின் கல்லறைக்குப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகையில்' – வேண்டாம். கல்லறை வேண்டாம்.

'அப்துல் ஹையின் ஃபியட் கார் இரண்டு முறை சோழவரத்துக்குத் தன் சக்கரத்தில் போனது. இரண்டு முறையும் லாரியில் திரும்பி வந்தது.'

இது இருக்கட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. பந்தயம் இல்லாத சில ஞாயிற்றுக்கிழமைகளில் வேகப் பைத்தியம் பிடித்தவர்கள் தங்கள் கார்களைக் கொண்டுவந்து அங்கே சுற்றுவதாக இந்தக் கதையில் வைத்துக்கொள்கிறேன். பரிசு கிடையாது, கோப்பை கிடையாது. சுற்றிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்துல் ஹைக்கு இருபத்தெட்டு வயது. மெட்ராஸில் படித்த காலத்தில் இதைப் பார்த்துவிட்டு வந்தவன். மெட்ராஸ் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில், எந்த வெளிநாட்டு வண்டியிலிருந்து கழற்றியதோ, பெரிய நத்தை ஓடு போன்ற ஒரு டர்போவைக் கண்டுபிடித்து வந்து தன் ஃபியட்டில் பொருத்தினான். பற்றவைத்துக் கொடுத்தவர் ஆபிரகாம். தோணிரேவைச் சேர்ந்தவர், மீன்பிடிப் படகுகளின் டீசல் இஞ்சின்களைப் பழுதுபார்ப்பவர்.

அப்துல் ஹையின் குடும்பத்துக்கு இறால் மண்டி இருக்கிறது. அதை நடத்துகிறவர் அண்ணன் அபூபக்கர். அந்த வீட்டில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவார்கள். கார் இரண்டாம் முறை லாரியிலிருந்து இறங்கியபோது காக்கா தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாடா, ஊர்வலம் முடிஞ்சுதா?"

"கேஸ்கெட் போயிடுச்சி காக்கா. மூணாவது ரவுண்டுல கொதிச்சிடுச்சி."

"போன தடவ?"

"அதுவும் மூணாவது ரவுண்டுதான்."

"பரவால்ல, ஒழுங்கா ஒரே எடத்துலதான் கொதிக்குது." காக்கா சிரிக்கவில்லை. "கேட்டுக்கோ. இன்னொரு தடவ இது லாரி மேல குந்திக்கினு வந்துச்சின்னா, எறக்காதே. அதே லாரியில அப்டியே புதுப்பேட்டைக்கு அனுப்பிடு. மறுநாள் காலைல நீ மண்டில வந்து குந்து."

"சரி காக்கா."

(அபூபக்கர் சொன்னால் சொன்னதுதான். இப்போது கதையில் ஏதோ ஒன்று ஆகிறது. கார் தன் சக்கரத்தில் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் கார் போகும். அதோடு, காலையில் எழுந்ததும் அப்துல் ஹை நினைத்துக்கொள்வதற்கு இருக்கிற ஒரே விஷயமும் போகும். இது சின்ன இழப்பு என்று முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

3

நான் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள்.

இஞ்சினில் எரிகிற பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மீதி, சூடாக இஞ்சினுக்குள்ளேயே தங்கிவிடப் பார்க்கிறது. அதைத் தண்ணீர் சுமந்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும், காற்று அங்கிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். டர்போ என்ன செய்கிறது? வெளியே போகிற புகையைப் பிடித்து, வீட்டை விட்டுக் கிளம்பியவனை வாசலில் மறித்து வேலை வாங்குவதுபோல, ஒரு விசிறியைச் சுழற்றச் சொல்கிறது. அந்த விசிறி இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. கூடுதல் காற்று, கூடுதல் பெட்ரோல், கூடுதல் தீ. ரேடியேட்டர் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. ஆக்ஸிலேட்டரை ஒரு நொடி அழுத்துவோம், எதிரே மாடு வரும், விட்டுவிடுவோம். ஓடுதளத்தில் மாடு வராது. அழுத்திய கால் அழுத்தியபடியே இருக்கும்.*

* டர்போ வேலை செய்யும்போது அதன் ஓடு செக்கச்செவேல் என்று பழுத்துவிடும். அதற்குப் பக்கத்தில்தான் ரேடியேட்டரின் ரப்பர் குழாய் போகிறது. அப்துல் ஹையும் ஆபிரகாமும் இரண்டுக்கும் இடையில் ஒரு தகரத் தடுப்பு வைத்தார்கள். கதைக்கு இது தேவையில்லை. ஆனால் செய்தார்கள்.

4

சித்திரை மாத ஞாயிறு ஒன்றில் மறுபடி சோழவரம் போவது என்று முடிவாயிற்று. அதற்குமுன் அப்துல் ஹை ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியின் ஈயப் பற்றை உருக்கித் திறந்தான். உள்ளே இருந்த மெல்லிய குழாய்களின் வாயில் வெள்ளையாக ஏதோ கட்டியிருந்தது. பாதிக் குழாய்கள் அடைத்தே போயிருந்தன. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தான்.

"ஆபிரகாம் அண்ணே. இதுக்கு இன்னா தண்ணி ஊத்தினே?"

"தண்ணிதான்."

"எந்தத் தண்ணி?"

"எதிர்க்க அம்மாம் பெரிய ஏரி கீது. நான் இன்னா, சோடா வாங்கியா ஊத்துவேன்?"

"உப்புத் தண்ணிய ஊத்தினியா?"

"இத்தினி வருசமா போட்டுக்கு அதான் ஓடுது பாய். எந்த போட்டாவது எங்கிட்ட வந்து வாய் கரிக்குதுன்னு சொல்லிச்சா?"

ஆபிரகாம் சொன்னது தவறே இல்லை. படகு இஞ்சின் ஒரு குழாயால் ஏரியை உறிஞ்சும், சுற்றவிடும், இன்னொரு குழாயால் துப்பிவிடும். உப்பு வந்த வழியே போய்விடும். இஞ்சின் என்றால் அவருக்கு அதுதான். தண்ணீரைத் தானே சுமந்துகொண்டு திரிகிற இஞ்சினை அவர் அதிகம் தொட்டதில்லை.

"போட்டுல தண்ணி வருது, போவுது," என்றான் அப்துல் ஹை. "இதுல அதே தண்ணிதான் சுத்திக்கினே கீது. கொதிச்சா தண்ணி ஆவியா பூடும், உப்பு எங்க போவும்? கொறஞ்சுதேன்னு நீ மறுபடி ஊத்துவே. மறுபடி கொதிக்கும். என் காருக்குள்ள உப்பளம் போட்டுட்டியே அண்ணே."

ஆபிரகாம் குனிந்து பார்த்தார். அவரும் சுரண்டி நாக்கில் வைத்தார்.

"நல்ல உப்புதான் பாய்," என்றார். "இத வுட்டுட்டு இன்னாத்துக்கு இறால் யாவாரம்?"

(இந்த இடத்தில், கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் கிழவர் ஒருவர் எழுந்து வந்து, இருவருக்கும் ஒரே வார்த்தையில் உண்மையை விளக்க வேண்டும். எழுதிப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமியதுமே எனக்குத் தூக்கம் வந்தது. அனுப்பிவிட்டேன். தவிர, ஆபிரகாம் முட்டாள் என்றோ அப்துல் ஹை அறிவாளி என்றோ நீங்கள் நினைத்துவிடவும் கூடாது. அடுத்த தவறு அப்துல் ஹை செய்தது.)

5

ரேடியேட்டரைக் குத்தி, கழுவி, மறுபடி பற்றவைத்தார்கள். அப்போதும் அப்துல் ஹைக்குத் திருப்தி இல்லை. பானெட்டுக்குள் சிக்கிய சூட்டை வெளியேற்ற வேண்டும் என்றான். பானெட்டின் பின் விளிம்பை, முன் கண்ணாடிக்குப் பக்கத்தில், கட்டை கொடுத்து இரண்டு விரற்கடை தூக்கி வைத்தான். சூடு மேலே எழும்பும், அந்த இடைவெளி வழியாகப் போய்விடும். பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது. பொன்னேரி சாலையில் ஓட்டிப் பார்த்தான். சூட்டைக் காட்டும் முள் முன்பைவிட மேலே நின்றது.

"காத்து கண்ணுக்குத் தெரிஞ்சா பரவால்ல," என்றான்.

"தெரிய வெச்சுட்டா போச்சு," என்றார் ஆபிரகாம்.

கிழிந்த வலையிலிருந்து நைலான் நூலைத் துண்டு துண்டாக வெட்டி, பானெட் முழுக்கக் கோந்து நாடாவால் ஒட்டினார்கள். அப்துல் ஹை ஓட்டினான். ஆபிரகாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியே நூல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த மீன்காரம்மா ஒருத்தி கூடையோடு நின்று பார்த்தாள்.

"இன்னா பாய், காருக்கு முடி மொளைக்குது. எண்ணெ தடவுறியா?"

வேகம் ஏறியதும் முன்பக்கத்து நூல்கள் பின்னோக்கிப் படிந்தன. நடுவில் இருந்தவை மேலே எழும்பித் துடித்தன. கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தவை மட்டும் வளைந்து, தூக்கி வைத்த இடைவெளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டன.

"உள்ள போவுது பாய்."

"இன்னாது?"

"காத்து. கண்ணாடில மோதி, திரும்பி, நீ தொறந்து வெச்ச வாசல்ல பூந்து உள்ள போவுது. நீ வெளிய அனுப்புறே, அது விருந்தாடி கணக்கா திரும்ப வருது."

உள்ளே போகிற காற்று, ரேடியேட்டர் வழியாக வரவேண்டிய காற்றுக்கு இடம் விடுவதில்லை. வேகம் கூடக்கூட அடைப்பும் கூடும். அப்துல் ஹை காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் கூச்சப்பட்டான் என்று எழுதலாம். அவன் சந்தோஷப்பட்டான் என்பதே சரி. எங்கே தப்பு என்று தெரிந்துவிட்டதல்லவா.

பின் விளிம்பை மூடினார்கள். நூல்கள் துடித்த நடுப்பகுதியில், காற்று மேலே இழுக்கிற இடத்தில், உளியால் வரிசையாகக் கீறி, மீனின் செவுள்போலத் தூக்கிவிட்டார்கள். ரேடியேட்டரின் இரு பக்கச் சந்துகளையும் மண்ணெண்ணெய் டின் தகரத்தால் அடைத்தார்கள். முன்னால் நுழைகிற காற்று இனி ரேடியேட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும்.

இனித் தண்ணீர்.

6

இங்கே அப்துல் ஹையின் மனைவி வர வேண்டும். பெயர் பரீதா. இந்தப் பாத்திரம்தான் எனக்குச் சரியாக வரவில்லை.

முதல் பிரதியில், 'பரீதா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள்' என்று ஒரு வாக்கியம். அதோடு அவளுடைய கதை முடிந்தது. இரண்டாம் பிரதியில் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். 'பரீதாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், ஆனாலும் அவள்' –

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் பார்ப்பதற்காக அப்படியே விட்டிருக்கிறேன். மனைவியைக் கதையிலிருந்து அனுப்பிவிடுவது எளிது. படிக்கிறவர்களுக்கும் கண் கலங்கும். என் கை அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு மூன்றாவது முறை எழுதினேன்.

பரீதா நன்றாக இருக்கிறாள். தண்ணீர் எடுத்து வந்து குடத்தை இறக்குகிறாள்.

சித்திரையில் ஊர்க் கிணறுகள் எல்லாம் கரிக்கும். குடிக்கிற தண்ணீருக்கு மணலில் தோண்டிய ஊற்றுக்குப் போய், வரிசையில் நின்று, அது சுரக்கச் சுரக்க மொண்டு வர வேண்டும். அதனால் அந்தப் பக்கத்தில் எழுதாத ஒரு சட்டம். நல்ல தண்ணீர் மனிதர்களுக்கு. இஞ்சினுக்கு ஏரி இருக்கிறது. யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை, யாரும் மீறுவதுமில்லை. ஆபிரகாம் ரேடியேட்டருக்கு ஏரித் தண்ணீரை ஊற்றியதும் இந்தப் பழக்கத்தால்தான்.

"இன்னா, குடத்தையே பாக்கறீங்க?"

"ரெண்டு குடம் வேணும் பரீதா."

"குளிக்கவா? நேத்துதானே குளிச்சீங்க."

"ரேடியேட்டருக்கு."

அவள் சும்மாட்டுத் துணியை உதறி மடித்தாள். "வெளிய சொல்லிடாதீங்க. இஞ்சினுக்கு நல்ல தண்ணி ஊத்துற குடும்பம்னு பேராயிடும்."

"உப்புத் தண்ணி அதுக்கு ஆவல. குழாயெல்லாம் அடச்சிக்கினு கொதிக்குது."

"எனக்குந்தான் ஆவல. நான் கொதிச்சா லாரிலயா ஏத்துவீங்க?"

"இந்தத் தடவ கொதிக்காது. காத்தப் பாத்துட்டோம்."

"காத்தப் பாத்தீங்களா?"

"நூல் கட்டிப் பாத்தோம்."

"இதெல்லாம் வெளிய பேசாதீங்க. எங்க வூட்டாளுங்க நிக்காவுக்கு முன்னால இத விசாரிக்கல." அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டாள். "வாங்க. எங்க ஊத்தணும்?"

"நான் ஊத்திக்கிறேன்."

"நீங்க சிந்துவீங்க."

ரேடியேட்டர் வாயில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, வடிகட்டி, மெதுவாக ஊற்றினாள். துணி கட்டுவது என் திட்டத்தில் இல்லை. குடிப்பதற்கு எப்படி ஊற்றுவாளோ அப்படியே ஊற்றினாள். இரண்டாவது குடத்தில் பாதி மிஞ்சியது.

"இவ்ளோதான் குடிக்குமா?" என்றாள்.

"இவ்ளோதான்."

"காக்கா சொன்னது எனக்கும் கேட்டுச்சி. கார் போனா நீங்க மண்டில குந்தினு மூஞ்சத் தூக்கி வெச்சிப்பீங்க. அந்த மூஞ்ச நான்தான் பாக்கணும். ஓட்டிக்கினே வாங்க."

7

சோழவரம். ஞாயிறு. வெயில் தார் மேல் நின்றுகொண்டிருந்தது.

மூன்றாம் சுற்று. முள் நடுவில் இருந்தது. அப்துல் ஹை அதைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான், மறுபடி முள்ளைப் பார்த்தான். நான்காம் சுற்றில் நேர்ப்பாதையில் கால் முழுக்க அழுத்தினான். டர்போ ஊளையிட்டது. முள் நடுவில் இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஹெல்மெட்டுக்குள் தன் சிரிப்பைத் தானே கேட்டான்.

அதற்குப் பிறகு அவன் சுற்றுகளை எண்ணவில்லை. ஓடுதள ஓரத்தில் ஆபிரகாம் துண்டைத் தூக்கி ஆட்டினார். 'போதும், வா' என்று அர்த்தம். வந்த வேலை முடிந்துவிட்டது. கார் கொதிக்கவில்லை. இப்போது மெதுவாக வெளியே எடுத்தால், பொன்னேரி வழியாக, தன் சக்கரத்தில், வெளிச்சம் இருக்கும்போதே வீடு.

முள் ஒரு மயிரிழை நகர்ந்தது.

அது நூறு காரணத்தால் நகர்ந்திருக்கலாம். சித்திரை வெயிலுக்கு நகர்ந்திருக்கலாம். அங்கேயே நின்றாலும் நிற்கும். அல்லது அது தொடக்கமாக இருக்கலாம்.

'அப்துல் ஹை காலை எடுத்தான்' என்று எழுதினேன். நிம்மதியாக இருந்தது. படித்துப் பார்த்தேன். எடுத்தது அவன் கால் இல்லை. அந்த சீட்டில் என்னை உட்கார வைத்திருந்தேன். அவன் இவ்வளவு மாதமாக வேலை செய்தது, முழுக்க அழுத்தினாலும் நிற்கும் ஒரு முள்ளுக்காக. அதை அறிய இன்னும் ஒரே ஒரு சுற்று போதும்.

'அப்துல் ஹை காலை எடுக்கவில்லை' என்று எழுதினேன். அதையும் படித்தேன். வீட்டில் ஒருத்தி 'ஓட்டிக்கினே வாங்க' என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அது அவன் காதில் விழாமலா போயிற்று?

இரண்டு வாக்கியங்களையும் வைத்திருக்கிறேன். ஒன்றை அடியுங்கள்.

8

முடிவுகள்.

(அ) கடைசிச் சுற்றில் ரப்பர் குழாய் வாய் பிளந்தது. பரீதாவின் தண்ணீர் வெள்ளையாக எழும்பி ஓடுதளத்தின் மேல் கலைந்தது. லாரி வந்தது. ஆபிரகாம் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொள்ளவில்லை, மேலே காருக்குள்ளேயே உட்கார்ந்து வந்தார். 'தனியா வர்றதுக்கு அதுக்கு ஒரு மாதிரியா இருக்கும் பாய்' என்றார். மறுநாள் காலை அப்துல் ஹை மண்டியில் உட்கார்ந்தான். காக்கா தேநீர் அவனுக்கும் சேர்த்துச் சொன்னார்.

(ஆ) கார் தன் சக்கரத்தில் வந்து வாசலில் நின்றது. காக்கா அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பானெட்டில் வெட்டிய செவுள்களைப் பார்த்தார். 'நல்லா இருந்த தகரத்த ஏன்டா கிழிச்சே?' என்று கேட்டுவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். அதற்குமேல் அவரிடமிருந்து எதிர்பார்க்க முடியாது.

(இ) உங்களில் சிலர் இதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். டயர், சுவர், தீ. இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

முதல் இரண்டில் எது என்று நான் முடிவு செய்யவில்லை. செய்ய முயன்றேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று பொய்யாகத் தெரிந்தது. எனக்கு உறுதியாகத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்று. அதை எழுதி நிறுத்திக்கொள்கிறேன்.

சாயங்காலம். மஃரிப் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பரீதா உள்ளே அரிசி களைந்துகொண்டிருக்கிறாள். பொன்னேரி சாலைத் திருப்பத்தில் ஒரு வண்டிச் சத்தம் கேட்கிறது. கனமான சத்தம். லாரிக்கும் அப்படித்தான் இருக்கும். புகைக்குழாய் மாற்றிய ஃபியட்டுக்கும் அப்படித்தான் இருக்கும். அவளுக்கு வித்தியாசம் தெரியும், எனக்குத் தெரியவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுகிறாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறக்கிறாள். வெயில் முகத்தில் விழ, கண்ணைச் சுருக்கித் தெருமுனையைப் பார்க்கிறாள்.

லாரி என்று நினைத்தால் லாரியை வரவிடுங்கள். கார் என்று நினைத்தால் கார். அப்துல் ஹை என்ன முகத்தோடு இறங்குகிறான் என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டிலும் பரீதா வாசலில் நிற்கிறாள். அதை மட்டும் மாற்றாதீர்கள்.